கிறிஸ்துமஸுக்குக் கத்தோ பதாத்: தண்ணீரை விரட்டினால் பாதி வேலை முடிந்தது

இந்தியப் பெருங்கடலின் தென்பாதியில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு ரீயூனியன். இங்கே கிறிஸ்துமஸ் என்றால் நடுக்கோடை. லிச்சி மரங்கள் சிவந்து தொங்கும், மழை நினைத்த நேரத்தில் கொட்டும், சமையலறைக்குள் சும்மா நின்றாலே சட்டை நனையும். அந்த வேக்காட்டிலும் ஓவனைப் பற்றவைத்துச் செய்கிற பண்டம் கத்தோ பதாத். சர்க்கரைவள்ளிக்கிழங்கை வேகவைத்து மசித்து, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, வனிலா, கொஞ்சம் ரம் சேர்த்து, தட்டில் நிரப்பிச் சுட்டு எடுப்பார்கள். கத்தோ என்றால் கேக்தான், ஆனால் இது கேக் மாதிரி பொங்காது, பஞ்சாகவும் இருக்காது. உள்ளே அடர்த்தியாக, லேசான ஈரத்தோடு இருக்கும். மேலே மட்டும் பழுப்பேறியிருக்கும். நன்றாக வந்திருந்தால் கத்தி போட்ட இடம் ஓரம் மடங்காமல் நேராக நிற்கும்.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் தங்கை மகள் போன மாதம் கேட்டாள்: "மாமா, இங்கே நவம்பர்ல தாங்ஸ்கிவிங் விருந்துக்கு வள்ளிக்கிழங்கு கேசரோல் பண்றாங்களே, நீங்க பண்றதும் அதுதானா?" கிட்டத்தட்ட ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு வீடு. அவர்கள் மசித்த கிழங்கின் மேல் மார்ஷ்மெல்லோவைப் பரப்பிச் சுட்டு, வான்கோழிக்குப் பக்கத்தில் தொடுகறியோடு தொடுகறியாக வைத்துவிடுகிறார்கள். 1917-ல் ஒரு மார்ஷ்மெல்லோ கம்பெனி தன் சரக்கை விற்க வெளியிட்ட சமையல் குறிப்புப் புத்தகத்தால் பிரபலமான ஜோடி அது. எங்களுடையது சாப்பாடு முடிந்த பிறகு வருவது, ஆறிப்போய் வருவது, துண்டு போட்டுக் கையால் எடுத்துச் சாப்பிடுவது. ஆனால் கிழங்கைப் பக்குவப்படுத்துகிற முதல் பாதி இரண்டுக்கும் பொதுதான். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் காரைக்கால்காரன். இந்தத் தீவின் கிழக்கே உள்ள சேந்த்-ஆந்த்ரேயில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டேன். ஒரு பள்ளிக்கூடக் கான்டீனில் சமையல் வேலை. அளவும் நேரமும் பார்க்க அங்கே பழகினேன், கத்தோ பதாத்தை மாமியாரிடம் பழகினேன். அத்தையின் குடும்பத்தில் தமிழ் பேச்சு எப்போதோ நின்றுவிட்டது, பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவு மொழியான கிரியோல்தான். வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு விளக்கு போடுவார், டிசம்பர் 24 ராத்திரி சர்ச்சுக்கும் போவார். இந்தத் தீவில் அதை யாரும் விசேஷமாகப் பார்ப்பதில்லை. அத்தை அளவு சொல்லமாட்டார். "பார்த்தால் தெரியும்" என்பார். பார்த்துப் பார்த்து எனக்குத் தெரிந்தது இதுதான்: இந்தப் பண்டம் கெடுவது கிழங்கில் இருக்கிற தண்ணீரால். மற்றதெல்லாம் சின்ன விஷயம்.

கிழங்கு

எனவே கடையிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். செயல்முறையைவிடக் கிழங்கைப் பற்றி நான் அதிகம் எழுதுவதைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாதீர்கள்.

தோல் சிவந்தோ ஊதாவாகவோ இருந்து உள்ளே வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கிற கிழங்குதான் இதற்கு முதல் தரம். வெந்தால் மாவாக உடையும், தண்ணீர் குறைவு. நம் ஊரில் பொங்கல் நேரத்தில் வண்டியில் குவித்து விற்பார்களே, அதே ஜாதி. ஆரஞ்சு நிறச் சதை உள்ளது பார்க்க அழகு, இனிப்பும் அதிகம், ஆனால் வெந்தால் குழைந்து தண்ணீர் விடும். அமெரிக்காவில் பெரும்பாலும் இதுதான் கிடைக்கிறது என்று மருமகள் சொன்னாள். பரவாயில்லை, அதற்கும் வழி கீழே சொல்கிறேன். உள்ளே ஊதாவாக இருப்பதை நான் இதற்கு எடுப்பதில்லை. ருசியில் குறை ஒன்றும் இல்லை. முட்டையின் மஞ்சள் கருவும் வெண்ணெயும் சேர்ந்ததும் நிறம் சாம்பலாகப் போய், பண்டிகைத் தட்டில் துக்க வீட்டுப் பண்டம் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

சேன்-போல் ஊரில் கடற்கரையை ஒட்டி வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமைக் காலையும் சந்தை கூடும். டிசம்பரில் அங்கே போனால் கிழங்கு வியாபாரியிடம் நான் ஒரு கேள்விதான் கேட்பேன்: தோண்டி எத்தனை நாள் ஆச்சு? இன்று காலை தோண்டியது என்று பெருமையாகச் சொன்னால், அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவேன். கீரைக்குத்தான் அந்தப் பெருமை. வள்ளிக்கிழங்கு தோண்டியதும் மாவும் தண்ணீருமாக இருக்கும். நிழலில், காற்றோட்டமாக ஒரு வாரம் பத்து நாள் கிடந்தால் ஈரம் வற்றி, மாவில் ஒரு பங்கு சர்க்கரையாக மாறும். எங்கள் கிழக்குப் பக்கம் மழை அதிகம். நல்ல மழைக்குப் பின் தோண்டிய கிழங்கு என்றால் இன்னும் மோசம், வெட்டினால் கத்தியிலேயே தண்ணீர் நிற்கும்.

இன்னொன்று, வண்டு. தோலில் குண்டூசி குத்தின மாதிரி கறுப்பு ஓட்டைகள் இருந்தால் வேண்டாம். வண்டு துளைத்த கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கசப்பை ஊற வைக்கும். ஓட்டை இருக்கிற இடத்தை மட்டும் செதுக்கிப் போட்டாலும் கசப்பு சுற்றிலும் பரவியிருக்கும். அப்படி ஒரே ஒரு கிழங்கு சேர்ந்துவிட்டால் போதும், முழுத் தட்டும் வீண். நடுத்தர அளவில், இரண்டு முனையும் கூர்ந்து, கையில் கனமாக இருப்பதைப் பொறுக்குங்கள். ரொம்பப் பெரிய கிழங்கில் நார் அதிகம்.

வாங்கி வந்ததை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. 12, 13 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் பச்சைக் கிழங்கின் நடுப்பகுதி கெட்டிப்பட்டுவிடும். எவ்வளவு வேகவைத்தாலும் அந்த இடம் மட்டும் மசியாது. கூடையில் போட்டு மேடைக்கு அடியில் வைத்தால் போதும்.

கிழங்கு இந்தத் தீவின் பழைய சாப்பாடு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வயிற்றை மக்காச்சோளமும் மரவள்ளியும் வள்ளிக்கிழங்கும்தான் நிரப்பின. 1848 டிசம்பர் 20 அன்று இங்கே அடிமை முறை ஒழிந்தது. அதற்குப் பிறகுதான் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று நம் பக்கத்து ஜனங்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றினார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்கள் பலர். அந்த டிசம்பர் 20 இன்றும் இங்கே விடுமுறை நாள். அன்று தொடங்கும் கொண்டாட்டம் புத்தாண்டு வரை ஓயாது. சந்தையில் கிழங்கு விலை ஏறுவதும் அந்த வாரம்தான், ஆகையால் முன்னாலேயே வாங்கிக் கிடப்பில் போடுவது இரண்டு விதத்திலும் லாபம்.

வேகவைப்பது

தோலோடு வேகவைக்க வேண்டும். தோல் சீவித் துண்டு போட்டுத் தண்ணீரில் கொதிக்கவிட்டால் கிழங்கு தண்ணீரைக் குடிக்கும், இனிப்பு தண்ணீரில் இறங்கும். பிறகு அந்தத் தண்ணீரை விரட்ட மாவு சேர்ப்பார்கள், மாவு சேர்த்ததால் இறுகிவிட்டது என்று பால் ஊற்றுவார்கள். அந்த வம்பே வேண்டாம்.

நான் இட்லிப் பானையில்தான் வைக்கிறேன். காரைக்காலிலிருந்து வந்த பானை. அத்தை முதலில் அதைப் பார்த்துச் சிரித்தார், இப்போது டிசம்பர் வந்தால் அவரே கேட்டு வாங்கிப் போகிறார். ஒன்றேகால் கிலோ கிழங்கை மண் போகத் தேய்த்துக் கழுவுங்கள். பருமனானவற்றை மட்டும் குறுக்கே இரண்டாக வெட்டுங்கள். ஆவி வந்த பிறகு வைக்காமல், பச்சைத் தண்ணீர் ஊற்றும்போதே கிழங்கையும் அடுக்கி, மிதமான தீயில் மூடி வையுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. கிழங்குக்குள் மாவைச் சர்க்கரையாக உடைக்கிற ஒரு நொதி உண்டு. ஏறக்குறைய 60-லிருந்து 75 டிகிரி சூட்டில்தான் அது மும்முரமாக வேலை செய்யும், அதற்கு மேல் போனால் செத்துவிடும். சூடு மெதுவாக ஏறினால் அதற்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும், கிழங்கு தானாகவே இனிக்கும். குக்கரில் வைத்தால் பத்து நிமிஷத்தில் வெந்துவிடும், ஆனால் அதே கிழங்கு சப்பென்று இருக்கும். அவசரத்துக்குக் குக்கர் சரி, பண்டிகைக்கு வேண்டாம்.

தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து முப்பது நாற்பது நிமிஷம். கத்தி நுனி தடையில்லாமல் நடு வரைக்கும் இறங்க வேண்டும். இறக்கியதும் மூடியைத் திறந்துவிடுங்கள். மூடியே வைத்திருந்தால் ஆவி மறுபடியும் தண்ணீராகிக் கிழங்கின் மேலேயே சொட்டும்.

ஆரஞ்சுக் கிழங்குதான் கிடைக்கிறது என்றால் ஆவியில் வைக்காமல், முழுசாக ஓவன் கம்பியில் வைத்து 160 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம் சுடுங்கள். அடியில் ஒரு தட்டு வையுங்கள், பாகு மாதிரி ஒழுகும். நிறையத் தண்ணீர் அப்படியே போய்விடும்.

கை பொறுக்கிற சூட்டில் தோலை உரியுங்கள். நன்றாக ஆறிவிட்டால் தோல் சதையோடு ஒட்டிக்கொள்ளும், நாரும் பிரிந்து வராது. இரண்டு முனையிலும் உள்ள கட்டை நாரைக் கிள்ளி எறிந்துவிட்டு, சூட்டோடு மசியுங்கள். மத்து, உருளைக்கிழங்கு மசிக்கும் கருவி, கைப்பிடி சுற்றும் காய்கறி அரைப்பான் எதுவானாலும் சரி. மிக்ஸியும் பிளெண்டரும் மட்டும் வேண்டாம். பிளேடு மாவுச்சத்தைக் கிழித்துப் பசையாக்கிவிடும், பிறகு சுட்டால் பிசுபிசுவென்று பல்லில் ஒட்டும். அத்தை கல் உரலில் இடிப்பார். இடையில் நார் தட்டுப்பட்டால் விரலால் எடுத்து உரல் விளிம்பில் வரிசையாகத் தேய்த்து வைப்பார், கடைசியில் விளிம்பு முழுக்க மஞ்சள் மீசை.

இப்போதுதான் முக்கியமான கட்டம், பலரும் தாண்டிப் போய்விடுகிற கட்டம். மசித்ததை அடிகனமான வாணலியில் போட்டு, ஒன்றும் சேர்க்காமல், குறைந்த தீயில் கிளறுங்கள். முதலில் ஆவி குபுகுபுவென்று வரும், ஓரத்தில் சலசலப்புக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் வாணலியின் அடி தெரிய வேண்டும், கோடு உடனே மூடிக்கொள்ளக் கூடாது. மொத்தமும் ஓரம் விட்டுத் திரண்டு வந்தால் இறக்கிவிடலாம். அல்வா கிண்டத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பதத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மாவுக் கிழங்குக்கு ஆறேழு நிமிஷம், ஆரஞ்சுக் கிழங்குக்குப் பதினைந்து நிமிஷம்கூட ஆகலாம். எடை போட்டுப் பாருங்கள், ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும்.

சேர்மானம்

ஒரு கிலோ மசியலுக்கு வெண்ணெய் 150 கிராம், பழுப்புச் சர்க்கரை 180 கிராம், முட்டை 4, வனிலாக் காய் 1, ரம் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு நல்ல சிட்டிகை. அவ்வளவுதான். ஆரஞ்சுக் கிழங்கானால் சர்க்கரையை 120 கிராமாகக் குறைத்து, சோளமாவு இரண்டு மேசைக்கரண்டி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோதுமை மாவு போடுவதா வேண்டாமா என்று இங்கே வீட்டுக்கு வீடு சண்டை. நூறு கிராம் மைதா போடுகிறவர்கள் இருக்கிறார்கள், வெட்ட எளிதாக இருக்கும் என்பார்கள். இருக்கும்தான், ஆனால் கிழங்கு ருசி பின்னால் போய்விடும். தண்ணீரை ஒழுங்காக வற்றவைத்தவனுக்கு மாவு தேவைப்படாது என்பது என் கட்சி. தேங்காய்த் துருவல் போட்டால் அது மொரீஷியஸ் பக்கம் சாய்ந்துவிடும். அங்கே தேங்காயை உள்ளே வைத்து எண்ணெயில் பொரிக்கிற வேறு பண்டமே இருக்கிறது, அதுவும் நல்ல பண்டம்தான், ஆனால் அது இது இல்லை. ஏலக்காய்? காரைக்கால் கை, டப்பா பக்கம் தானாகவே போகும். ஆனால் வனிலா இருக்கிற இடத்தில் ஏலக்காய் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அமுக்கப் பார்க்கும். வனிலாக் காய் கிடைக்காத ஊரில் இருக்கிறீர்களா, தாராளமாக ஏலக்காய் போடுங்கள். செயற்கை வனிலா எசன்ஸைவிட அது எவ்வளவோ மேல்.

சர்க்கரை பழுப்பாகவே இருக்கட்டும். எங்கள் ஊரிலேயே புவா-ரூஷ் சர்க்கரை ஆலை இருக்கிறது. தீவில் இப்போது ஓடுவது இரண்டே ஆலைகள், மற்றது தெற்கே லெ கோல். ஜூலை வாக்கில் தொடங்கும் கரும்பு வெட்டு டிசம்பரோடு ஓயும், லாரிகள் சாலையை விட்டுவிடும், அதற்குள் பண்டிகைச் சமையல் ஆரம்பித்திருக்கும். நம் ஊர் நாட்டுச் சர்க்கரையும் இதற்கு நன்றாகப் பொருந்தும். வெல்லத்தைப் பாகு காய்ச்சி ஊற்றுவதென்றால் மறுபடி தண்ணீர்க் கதைதான், பொடித்துச் சலித்துப் போடுங்கள்.

வனிலாவில் கஞ்சம் வேண்டாம், ஆனால் வீணாக்கவும் வேண்டாம். இந்தக் கொடி மெக்சிகோவிலிருந்து இங்கே வந்தபோது நன்றாக வளர்ந்து பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. அதன் பூவில் மகரந்தம் சேர்க்கிற பூச்சி இங்கே கிடையாது. 1841-ல், எங்களுக்குப் பக்கத்து ஊரான சேந்த்-சுசானில், எட்மோன் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் சின்னக் குச்சியும் கட்டைவிரலும் வைத்துப் பூவுக்குள்ளேயே மகரந்தத்தைச் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். விடுதலைக்குப் பிறகு அல்பியுஸ் என்ற குடும்பப் பெயர் கொடுத்தார்கள், காசு மட்டும் யாரும் கொடுக்கவில்லை. 1880-ல் ஏழையாகவே இறந்தான். இன்றைக்கும் அவன் காட்டிய முறைதான். ஒரு பூ ஒரே நாள்தான் விரிந்திருக்கும், அன்றைக்கே ஒவ்வொன்றாக விரலால் தொட வேண்டும். பறித்த காயை வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வியர்க்கவைத்து, மாதக்கணக்கில் உலர்த்த வேண்டும். விலை ஏன் அப்படி என்று இனி கேட்கமாட்டீர்கள்.

காய் வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும், விரலில் எண்ணெய்ப் பசை தெரிய வேண்டும். நீளவாக்கில் கீறி, கத்தியின் முதுகால் உள்ளேயிருக்கும் கறுப்பு விதைகளை வழித்து எடுங்கள். விதையையும் தோலையும் சேர்த்து உருக்கிய வெண்ணெயில் போட்டு, தீயை அணைத்து, கால் மணி நேரம் மூடி வையுங்கள். வனிலா மணம் கொழுப்பில்தான் நன்றாக இறங்கும். பிறகு தோலை எடுத்துத் துடைத்துச் சர்க்கரை டப்பாவுக்குள் சொருகுங்கள். பொங்கல் வரை அந்தச் சர்க்கரை மணக்கும்.

கலந்து சுடுவது

மசியல் வெதுவெதுப்பாக இருக்கும்போது சர்க்கரையும் உப்பும், பிறகு வனிலா ஊறிய வெண்ணெய், அப்புறம் ரம். இந்த இடத்தில் ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். முட்டை சேர்ப்பதற்கு முன்னால்தான் ருசி பார்க்க வசதி. சூடாக இருக்கும்போது இனிப்பு தூக்கலாகத் தெரியும், ஆறினால் ஒரு படி குறையும், ஆகவே இப்போது ஒரு துளி அதிகமாக இனித்தால்தான் நாளைக்குச் சரியாக இருக்கும். ரம்முக்கு நாங்கள் போடுவது இந்த ஊர்ச் சாதாரண வெள்ளை ரம், 49 டிகிரிக்காரன், அதாவது நூற்றுக்கு 49 பங்கு ஆல்கஹால். பிடிக்காதவர்கள் ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போடலாம்.

மசியல் நன்றாக ஆறியதும் முட்டை. நாலையும் தனியாக அடித்து, இரண்டு மூன்று தடவையாக ஊற்றிக் கலக்குங்கள். சூட்டில் ஊற்றினால் வறுத்த முட்டை துணுக்குத் துணுக்காகத் தெரியும். நுரை வர அடிக்கத் தேவையில்லை, காற்று ஏறினால் ஓவனில் உப்பி, வெளியே வந்ததும் நடுவில் குழி விழும். கலவை தோசை மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து தொப்பென்று விழ வேண்டும்.

22 அல்லது 24 சென்டிமீட்டர் தட்டு, கண்ணாடியோ பீங்கானோ தகரமோ. உள்ளே வெண்ணெய் தடவி, பழுப்புச் சர்க்கரையைத் தூவி, தட்டித் திருப்பி மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். அந்தச் சர்க்கரைதான் ஓரத்தில் மெல்லிய மொறுமொறுப்பாக மாறும். கலவை நாலு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போக வேண்டாம். உயரம் கூடினால் மேலே கருகும்வரை நடுவில் வேகாது. மேல்பரப்பை நனைத்த கரண்டியால் சமப்படுத்தி, முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுங்கள். அழகுக்கு மட்டும் இல்லை, கோட்டின் மேடுகள்தான் முதலில் நிறம் பிடிக்கும், ஓவன் எப்படி எரிகிறது என்று கண்ணாடி வழியாகவே சொல்லிவிடும்.

180 டிகிரி, ஐம்பது நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம். காற்றாடி ஓடுகிற ஓவனானால் 165 போதும். நாற்பதாவது நிமிஷத்தில் ஒருமுறை பாருங்கள். ஓரம் தட்டை விட்டு லேசாக விலகியிருக்க வேண்டும், நடுவில் விரல் வைத்து அழுத்தினால் அமுங்கி மெல்ல எழ வேண்டும். கத்தி குத்தினால் ஈரம் ஒட்டி வரும். அது தப்பில்லை, கேக்குக்குப் பார்க்கிற மாதிரி சுத்தமாக வர வேண்டும் என்று காத்திருந்தால் காய்ந்துவிடும். குழம்பாக ஒட்டினால்தான் இன்னும் பத்து நிமிஷம். மேலே நிறம் முந்திவிட்டால் அலுமினியத் தாளால் மூடுங்கள்.

ஓவன் இல்லாதவர்களுக்கு அத்தையின் அம்மா காலத்து வழி இருக்கிறது. வார்ப்பிரும்புச் சட்டியில் கலவையை ஊற்றி, அடியில் கொஞ்சம் தணல், மேலே தகரத்தை மூடி அதன் மேல் நிறைய தணல். தோட்டத்தில் விறகடுப்பு உள்ள வீடுகளில் இன்றும் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள், அந்தப் புகை மணத்துக்கு ஓவன் ஈடாகாது. அடுக்ககத்தில் இருப்பவர்கள், குக்கரில் கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டு, உள்ளே உப்பைப் பரப்பி, ஸ்டாண்டின் மேல் பாத்திரத்தை வைத்து, குறைந்த தீயில் ஒன்றேகால் மணி நேரம் விட்டால் வெந்துவிடும். மேலே நிறம் வராது. ஆறியபின் துண்டு போட்டு, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு ஒரு பக்கம் சிவக்க வைத்தால் தீர்ந்தது.

ஆறவிடுவது

வெளியே எடுத்ததும் வீடே மணக்கும், பிள்ளைகள் ஸ்பூனோடு நிற்பார்கள். கொடுக்காதீர்கள். சூட்டில் வெட்டினால் களி மாதிரி சரியும். வெந்த மாவுச்சத்து ஆறும்போதுதான் இறுகும், அதற்கு முழுசாக ஒரு ராத்திரி வேண்டும். டிசம்பர் 23 சாயங்காலம் சுட்டால் 24 ராத்திரி விருந்துக்குச் சரியாக இருக்கும். சூடு முழுக்கத் தணிகிறவரை மெல்லிய துணி மட்டும் போதும். மூடி போட்டு மூடினால் ஆவி திரும்பவும் மேலே சொட்டி, கஷ்டப்பட்டு வாங்கிய மொறுமொறுப்பு போய்விடும். எங்கள் பக்கத்துப் புழுக்கத்தில் ராத்திரி முழுக்க வெளியே வைப்பது ஆபத்து, ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். பரிமாற ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள். மூன்று நாள் தாங்கும்.

விரதக்காரர்களுக்கு

இது இந்தத் தீவுக்கென்றே உள்ள சிக்கல். டிசம்பர் கடைசியிலும் சனவரியிலும் பல கோயில்களில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி நடக்கும். மிதிப்பவர்கள் அதற்கு முன் நாள்கணக்கில் விரதம் இருப்பார்கள், பதினெட்டு நாள் இருப்பவர்கள் உண்டு. கறி, மீன், முட்டை, சாராயம் எதுவும் கிடையாது. கிறிஸ்துமஸ் அதற்கு நடுவில் வந்து நிற்கும். ஒரே மேசையில் மைத்துனன் வாத்துக்கறி சாப்பிடுவான், அவன் தம்பி வாழையிலையில் தனியாகப் பருப்பும் சோறும் சாப்பிடுவான். இனிப்பிலாவது அவனை ஒதுக்கக் கூடாது என்று அத்தை ஒரு சின்னத் தட்டு தனியாகச் செய்வார்.

முட்டையும் ரம்மும் இல்லாமல் ஒரு கிலோ மசியலுக்கு, கெட்டித் தேங்காய்ப்பால் 200 மில்லியை அடுப்பில் பாதியாக வற்றவைத்து, ஆறியதும் அதில் சோளமாவு மூன்று மேசைக்கரண்டி கரைத்துச் சேர்க்க வேண்டும். வெண்ணெய்க்குப் பதில் நெய் 100 கிராம் போதும், தேங்காய்ப்பாலிலேயே கொழுப்பு இருக்கிறது. மசியலை வழக்கத்தைவிட நாலைந்து நிமிஷம் கூடுதலாக வற்றவையுங்கள், முட்டை இல்லாததால் பிடிமானம் கிழங்கிலிருந்துதான் வர வேண்டும். 170 டிகிரியில் ஒரு மணி நேரம். இது மறுநாள்தான் வெட்ட வரும், அவசரப்பட முடியாது. முட்டை பட்ட கரண்டி, பாத்திரம் எதையும் இதற்குத் தொடக்கூடாது. வரிசையில் முதலில் இதைச் செய்து முடித்து எடுத்து வைத்துவிட்டு, பிறகு மற்றதைத் தொடுங்கள். சொல்லப்போனால் தேங்காய்ப்பால் மணத்துக்காக விரதம் இல்லாதவர்களும் இந்தத் தட்டைத்தான் முதலில் காலி செய்கிறார்கள், விரதக்காரனுக்கு இரண்டு துண்டு ஒளித்து வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.

பரிமாறும்போது

ஊரில் மார்கழித் திருவாதிரைக் கூட்டில் காரத்தோடும் புளியோடும் வரும் கிழங்கு, இங்கே அதே மார்கழியில் லிச்சிப் பழத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. குளிர்ந்த லிச்சியின் புளிப்பு இதன் கனத்துக்குச் சரியான ஜோடி. கிரீம், ஐஸ்கிரீம் எல்லாம் வைக்கிறார்கள், எனக்குத் தேவையாகத் தெரியவில்லை. துண்டு சின்னதாகப் போடுங்கள், இரண்டு விரல் அகலம் போதும். வயிற்றை அடைக்கிற பண்டம், அதுவும் வாத்துக்கறிக்கும், பன்றியிறைச்சி அடைத்துச் சுடுகிற பாத்தேக்கும் பிறகு வருகிறது.

இருபது பேருக்கு மேல் என்றால் பெரிய தட்டு ஒன்றில் ஊற்றாமல் இரண்டு தட்டாகப் பிரித்துவிடுங்கள். ஓவனில் மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒன்றாக வைத்தால் பாதி நேரத்தில் இடம் மாற்ற வேண்டும், மொத்த நேரமும் பத்துப் பதினைந்து நிமிஷம் கூடும். வேறு வீட்டுக்கு எடுத்துப் போவதானால் வெட்டாமல் தட்டோடு எடுத்துப் போங்கள், இந்த வெயிலில் காரில் வெட்டிய துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மிஞ்சினால் 26-ஆம் தேதி காலையில் விரல் கனத்துக்கு நறுக்கி, தோசைக்கல்லில் வெண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க வாட்டி, மேலே உப்பு இரண்டு கல் போட்டுக் கறுப்புக் காபியோடு சாப்பிடுங்கள். எங்கள் வீட்டில் இதற்காகவே அரைத் தட்டு கூடுதலாகச் செய்கிறோம்.